யாரையும் கேட்க வேண்டாம்

ஜூலை 7, திங்கள்

போனை வாங்கி ஒரு கவரில் போட்டு, மேலே 'தமயந்தி, கரூர்' என்று எழுதி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். ஜெயிலுக்குள் போகிறவனிடம் வாட்ச், பெல்ட் எல்லாம் கழற்றி வாங்குவார்களே, அதேதான். அதனால் எழுதுகிறேன். விலங்கியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தொடங்கியிருக்கிறேன். முன்னாலிருந்து மண்புழு வரும், பின்னாலிருந்து நான் வருவேன். நடுவில் எங்கேயாவது சந்தித்துக்கொள்வோம்.

இது ராசிபுரத்துக்குப் பக்கம், ஒரு கரட்டுக் குன்றின் அடியில், நீட் தேர்வுக்காகப் பிள்ளைகளை அடைத்து வைத்துப் படிக்க வைக்கும் இடம். நான் அந்தத் தேர்வு எழுதப்போவது இரண்டாவது முறை. என் அறையில் இருக்கும் சுபாஷிணிக்கு மூன்றாவது. தேனிக்காரி. பெட்டியைக் கீழே வைப்பதற்குள் கேட்டாள், "ஏய், நீ தூக்கத்துல பேசுவியா?"

"இல்லையே. ஏன்?"

"பேசுனா கோமதி மேடம் எழுதி வச்சுக்கும். அதுக்குத்தேன் கேட்டேன்."

கோமதி மேடம் எங்கள் வார்டன். காலை நாலரைக்கு எழ வேண்டும். படிப்பு நேரத்தில் வாயைத் திறக்கக் கூடாது. ஞாயிறு ஐந்து நிமிடம் ஆபீஸ் போனில் வீட்டுக்குப் பேசலாம். மாதம் ஒரு ஞாயிறு, பத்திலிருந்து பன்னிரண்டு வரை, பெற்றோர் வரலாம்.

அப்பா என் பெட்டியை மூன்றாவது மாடி வரை அவரே தூக்கி வந்தார். "ஒரே ஒரு வருசம் சாமி. கண்ண மூடிட்டு ஓட்டிரு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டினால் வண்டி எங்கே போய் நிற்கும் என்று பட்டறையில் பஸ்ஸுக்குத் தகரக் கூண்டு கட்டுகிறவருக்குத் தெரியாதா?

ஜூலை 10, வியாழன்

எழுப்புவதற்கு ஒரு சைரன் வைத்திருக்கிறார்கள். மில் சங்கு மாதிரி. பரவாயில்லை, பழகிவிடும் போல.

ஜூலை 21, திங்கள்

அவசரத்தில் எழுதுகிறேன். அழகாக எழுத வராது.

இன்று காலை சைரன் வரவில்லை. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஏதோ சத்தம், பிறகு கிடார், பிறகு டிரம்ஸ், பிறகு நான்.

நான்தான்! என் குரல். எங்கள் பாட்டு. ஐந்தாம் பாட்டு. வளாகம் முழுக்க, ஆண்கள் விடுதி, பெண்கள் விடுதி, மெஸ், கழிவறை, எல்லா ஒலிபெருக்கியிலும். படுக்கையில் எழுந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டேன். சந்தோஷத்தில் கத்திவிடுவேன் என்று பயம். சுபாஷிணி தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு, "ஆத்தாடி, எவன்டா இவன்" என்றாள்.

விவரமாக எழுதுகிறேன், எனக்கே நம்ப முடியவில்லை. கரூரில் அப்பாவின் பட்டறை ஷெட். ஞாயிற்றுக்கிழமை வேலை கிடையாது. வெல்டர் ஸ்டீபன் அண்ணனின் மகன் எபி கிடார், அவன் சிநேகிதன் வாசு டிரம்ஸ், நான் குரல். பாதி கட்டிய பஸ்ஸுக்குள், சீட் போடாத தகரக் கூண்டுக்குள் நின்று வாசிப்போம். தகடெல்லாம் சேர்ந்து அதிரும். உறுமிக் கத்துகிற மெட்டல் பாட்டுக்கு அதைவிட நல்ல இடம் எவன் கட்டிக் கொடுப்பான்? அடிவயிற்றிலிருந்து உறுமுவதை நானே வீடியோ பார்த்துப் பழகினேன். பையன்கள் இரண்டு பேரும் எபியின் சர்ச்சுக்குப் பாட்டுப் பழகுகிறார்கள் என்று அப்பா நினைத்தார். நான் டியூஷன் போயிருப்பதாக நினைத்தார்.

எட்டுப் பாட்டு பதிவு செய்தோம். ஐந்தாவதில் ஓர் இடத்தில் கிடாரும் டிரம்ஸும் நின்றுவிடும், நான் மூச்சை இழுத்துத் தனியாகக் கத்த வேண்டும். அந்த நேரம் பார்த்து ஷெட்டில் இருந்த காற்றடைக்கும் கம்ப்ரசர் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. அதில் எங்கேயோ காற்று கசியும், குறைந்தால் தானே ஓடும், ஞாயிறு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. வாசு திரும்பப் பதிவு பண்ணலாம் என்றான். எபி, "இருக்கட்டும், அதுவும் நம்ம பேண்டுதான்" என்றான்.

பேரில்லாத பேண்டெல்லாம் இப்படித்தான் செய்கின்றன. காசு வாங்காமல் இணையத்தில் போட்டுவிடுவது, சட்டப்படியே, யாரும் இறக்கிக்கொள்ளலாம் என்று. நாங்களும் போட்டோம். நான் இங்கே வரும்வரை நாற்பத்தோரு பேர் இறக்கியிருந்தார்கள். அதில் மூன்று பேர் நாங்களே.

இப்போது தொள்ளாயிரம் பேர் கேட்கிறார்கள்!

ஜூலை 22, செவ்வாய்

எப்படி வந்தது என்று விசாரித்தேன். போன வருடம் இவர்கள் விளம்பர வீடியோவில் சினிமாப் பாட்டைப் போட்டு, பாட்டுக் கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்ததாம். அதிலிருந்து பயம். "இது ஃப்ரீ. லீகல். ஆபீஸ்ல தேடிப் புடிச்சிருக்காங்க. சைரன் ரிப்பேரு" என்றார் கோமதி மேடம். "தூக்கம் போயிருதுல்ல? அதுதான் வேணும்."

முன்னால் ஒரு ஆள் குரலையும் ஒட்டியிருக்கிறார்கள்: "எழுந்திருங்கள், வருங்கால மருத்துவர்களே!" அதற்கப்புறம் நான் உறுமுகிறேன். இதை ஒட்டச் சொல்லி யார் சொன்னது?

ஆனால் ஒட்டலாம். அதையும் நாங்கள்தான் அனுமதித்தோம். பாட்டை ஏற்றும்போது பக்கத்தில் மூன்று கட்டம் இருந்தது. எங்கள் பெயரைப் போட வேண்டும், வியாபாரத்துக்கு எடுக்கக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. எபி மூன்றிலும் டிக் அடித்தான். நான் மூன்றையும் எடுத்துவிட்டேன். பெயர்கூட வேண்டாம், பாட்டுக்குத் தலைப்புகூட வேண்டாம், நம்பர் போதும், கொடுத்தால் முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று அரை மணி நேரம் லெக்சர் அடித்தேன். கொள்கைக்காகத்தான் செய்தேன். அப்பா பார்த்துவிடுவார் என்பதற்காக இல்லை.

ஜூலை 29, செவ்வாய்

எல்லோரும் வெறுக்கிறார்கள்.

மெஸ் வரிசையில் ஒருத்தி, "மூலம் வந்த எருமை" என்றாள். கெமிஸ்ட்ரி சார் வகுப்பில் அந்தக் குரலைப் போலச் செய்து காட்டினார், சிரிக்கவே தெரியாத முதல் பெஞ்சு கூடச் சிரித்தது. நானும் சிரித்தேன். சுபாஷிணி, "இந்தாளு மட்டும் கையில கெடச்சான், தொண்டையில பாதரசத்த ஊத்திருவேன்" என்கிறாள். எல்லோருக்கும் அவன் 'இந்தாளு'. ஆம்பளை. நல்ல வேளை.

"என்னதான் சொல்றான் அவன்? ஒரு எழவும் வெளங்கலையே" என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஐந்து நிமிடம் போன். நன்றாக இருக்கிறேன் என்றேன். கோமதி மேடம் பக்கத்தில் நின்று நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அப்பா வரவில்லை, இரண்டு வண்டி டெலிவரியாம். அம்மா முறுக்கும் தேங்காய் பர்பியும் கொண்டு வந்தாள். இந்த மாதத்திலிருந்து பெற்றோர் கிளம்ப வேண்டும் என்பதற்கும் அதே பாட்டுதான். பன்னிரண்டு அடித்ததும் போட்டார்கள். அம்மா நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "காளியாத்தா! யாருடி இந்தக் கத்துக் கத்தறான்? இதக் கேட்டுட்டா தெனமும் எந்திரிக்கிற?"

"ஆமாம்மா."

"பாவம் நீயி" என்று என் கன்னத்தைத் தடவினாள். பத்து வருடம் கழித்து இதை நினைத்தாலும் எனக்கு அழுகை வரும் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

எனக்கே பிடிக்காமல் போய்விட்டது. இதை எழுதக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் உண்மை. நாலரைக்கு அந்தக் கரகரப்பு கேட்டதுமே போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்கிறேன். உலகத்தில் என்னுடையது என்று இருந்தது அந்த எட்டுப் பாட்டுதான். அதில் ஒன்றை வைத்து என்னையே தினமும் அடித்து எழுப்புகிறார்கள்.

ஆகஸ்ட் 20, புதன்

குரல் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன். ஒன்றரை மாதமாக வாயே திறக்கவில்லையே. குளியலறையில் எல்லாக் குழாயையும் திறந்துவிட்டு, சுவரைப் பார்த்து நின்று, வயிற்றை இறுக்கி உறுமினேன். உறுமல் வரவில்லை. இருமல்தான் வந்தது, அப்புறம் ஓங்கரிப்பு. கதவைத் தட்டி, "யாரது உள்ள வாந்தி எடுக்கறது?" என்று கோமதி மேடம் நர்ஸிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டார். மத்தியானம் ரசம் சாதம் மட்டும் போட்டார்கள்.

சிரிக்கிற மாதிரி எழுதிவிட்டேன். சிரிப்பு வரவில்லை. போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நிர்வாக அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நல்ல மனிதர்தான், முகத்தைப் பார்த்துப் பேசுவார். அந்தப் பாட்டை நிறுத்த முடியுமா சார், பாடியவர்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம் என்றேன்.

"அவங்களுக்கு என்னம்மா பிடிக்காம? இங்க வா" என்று கம்ப்யூட்டரைத் திருப்பினார். எங்கள் பக்கம்! கறுப்புப் பின்னணி, எபி எடுத்த தகரத்தின் படம். ஒன்றரை மாதம் கழித்து ஊரைப் பார்த்த மாதிரி இருந்தது. அவர் விரலை வைத்துச் சத்தமாகப் படித்தார்.

"எடுத்துக்கங்க. காசு வேண்டாம். எங்க வேணா போடுங்க, எப்படி வேணா போடுங்க. யாரையும் கேட்க வேண்டாம்." படித்துவிட்டு நிமிர்ந்தார். "பாத்தியா? எவ்வளவு பெரிய மனசு! ஒரு தடவ குடுத்தா திரும்ப வாங்கிக்கவும் முடியாதாம், கீழ போட்டிருக்கு. வக்கீல்கிட்டயே காட்டிட்டோம்."

அந்த நாலு வரியும் நான் டைப் பண்ணியது.

"சார், அது என் பாட்டு" என்றேன்.

"என்னது?"

"பாடுறது நான்தான் சார்."

அவர் சிரிக்கவில்லை, அதற்காக அவரை மதிக்கிறேன். "எங்க, பாடு" என்றார். நின்றேன். வயிற்றை இறுக்கினேன். இருமல் வந்தது. அவர் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். "ப்ரெஷர் இருக்கும்மா, எனக்குப் புரியுது. இருமல் மருந்து எழுதித் தரச் சொல்றேன். போய்ப் படி" என்றார்.

செப்டம்பர் 3, புதன்

படித்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

படித்தேன். வாரத் தேர்வில் என் ரேங்க் மேலே வந்திருக்கிறதாம். கோமதி மேடம் முதுகில் தட்டிக் கொடுத்தார். பாட்டு போட்டால் இப்போது பாட்டாகவே கேட்பதில்லை. கண் தானாகத் திறக்கிறது, கால் தானாகக் கீழே இறங்குகிறது.

செப்டம்பர் 14, ஞாயிறு

அப்பா வந்தார். இளைத்திருந்தார். பார்வையாளர் கொட்டகையில் கல் பெஞ்சில் உட்கார்ந்து, டிபன் கேரியரைத் திறந்து எனக்குப் பிட்டுப் பிட்டு வைத்தார். "ஏனம்மிணி, சோறு நல்லா போடறாங்களா? தூங்கறயா?" நான் தலையை ஆட்டினேன். என் ரேங்க் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்ததும் மற்றதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அப்பா கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய சிக்கல். கெட்டவராக இருந்தால் சுவர் ஏறிக் குதித்திருப்பேன்.

பன்னிரண்டு அடித்தது. "எழுந்திருங்கள், வருங்கால மருத்துவர்களே" வெட்டிவிட்டு நேராகக் கிடார். எல்லோரும் பாத்திரத்தை மூட ஆரம்பித்தார்கள். அப்பாவும் கேரியரை அடுக்கினார். பாட்டு அந்த இடத்துக்கு வந்தது. கிடார் நின்றது, டிரம்ஸ் நின்றது. பின்னால் கம்ப்ரசர்.

அப்பாவின் கை அப்படியே நின்றது.

"ஏனம்மிணி, இது நம்ம கம்ப்ரசரு."

"என்னப்பா?"

"மூணு அடிச்சு ஒண்ணு விடுது பாரு. வால்வு போனது. இத நான் தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன்." தலையைச் சாய்த்து ஒலிபெருக்கியையே பார்த்தார். "தகடு அதிர்ற சத்தமும் நம்ம ஷெட்டுதான். எபி பசங்க சர்ச்சுக்குப் பழகறது இதா?"

நான் கேரியர் மூடியை எடுத்து நீட்டினேன்.

"பாடறது யாரு?"

"தெரியாதுப்பா."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு கேரியரை எடுத்துக்கொண்டு நடந்தார். கேட்டில் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

நான் சொன்னது பொய் இல்லை. இப்போது பாடச் சொன்னால் எனக்கு வராது. அப்படியென்றால் அது நான் இல்லைதானே.

செப்டம்பர் 15, திங்கள்

பொய்தான். பொய் சொன்னேன். சொல்ல வேண்டிய ஒரே ஆள் கேட்டார், சொல்ல வேண்டிய ஒரே நேரத்தில் கேட்டார், அப்போதும் சொல்லவில்லை. என் மேலே எனக்குக் கொலைவெறி வருகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

போன். அப்பா வழக்கமாகக் கேட்பதை எல்லாம் கேட்டுவிட்டு, "எபி வந்தான்" என்றார்.

"என்னப்பா சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. அந்தப் பாட்ட எம் போன்ல ஏத்திக் குடுன்னேன். எத்தன ரூவாடான்னேன். காசே வேண்டாம் மாமா, யாரு வேணா எடுத்துக்கலாம்னான்." பிறகு அவரே கேட்டார். "அதெப்படி சாமி? பாடுனவங்களுக்கு ஒண்ணுமே வேண்டாமா?"

கோமதி மேடம் கடிகாரத்தைக் காட்டினார்.

"வெச்சிடறேன்பா" என்றேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. புத்தகங்களையெல்லாம் சாமி முன்னால் அடுக்கிவிட்டார்கள், யாரும் தொடக் கூடாது. அதனால் ஜெராக்ஸ் தாளில் டெஸ்ட் வைத்தார்கள். இவர்களை அடித்துக்கொள்ள ஆளே இல்லை.

பட்டறையில் இன்று எல்லா மிஷினையும் நிறுத்திக் கழுவி, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். கம்ப்ரசருக்கு அப்பாவே தன் கையால் மாலை போடுவார். பொரிகடலை வாசனை இங்கேவரை வருகிற மாதிரி இருந்தது. ஜெராக்ஸ் தாளில் ஒரு சொட்டு விழுந்து விடை அழிந்துவிட்டது. மதிப்பெண் போச்சு, போகட்டும்.

சுபாஷிணி பார்த்துவிட்டாள். ராத்திரி விளக்கணைத்த பிறகு, "வீட்டு நெனப்பா?" என்றாள். அவளிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். அவள் நம்பவில்லை. பாட்டின் வரிகளை ஒவ்வொன்றாக மெதுவாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவள் எழுந்து உட்கார்ந்தாள். "தெனமும் இதத்தேன் சொன்னியாக்கும்" என்றாள். அப்புறம் என் போர்வையை இழுத்துச் சரி செய்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பா ஆபீசுக்குள் போயிருக்கிறார். கதவு சாத்தியிருக்கிறது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே என்ன முடிவாகும் என்று தெரியாது. என் பெட்டி மாடியில்தான் இருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே நம்ப மாட்டேன்.

பத்து மணிக்கே வந்துவிட்டார். கேரியரைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க் கதை, வண்டிக் கதை எல்லாம் பேசினார். அவர் சுற்றி வருகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நானும் அவசரப்படவில்லை.

"கம்ப்ரசருக்கு வால்வு மாத்தியாச்சாப்பா?" என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"வாங்கி வெச்சிருக்கேன். மாத்தல." கேரியரின் பிடியைத் திருகினார். "ஆயுத பூசையன்னிக்கு எல்லாத்தையும் நிறுத்திட்டு, ஆளுகள வெளிய அனுப்பிட்டு, ஷெட்டுக்குள்ள தனியா உக்காந்து கேட்டேன். எட்டும். எனக்குப் பாட்டெல்லாம் தெரியாது. மொத நாலு பாட்டுக்குத் தலவலிதான்."

சிரித்துவிட்டேன். அவரும் லேசாகச் சிரித்தார்.

"அஞ்சாவதுல, கம்ப்ரசர் ஓடுதில்ல, அங்க நீ மூச்ச இழுக்கற. நீ சின்னப் புள்ளையில அழுகறதுக்கு முன்னாடி இப்படித்தான் இழுப்ப. அப்பவே தெரிஞ்சு போச்சு." என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அப்பறம் ஒண்ணு சொல்ற. திருப்பித் திருப்பிச் சொல்ற. பத்து தடவ போட்டுக் கேட்டேன், புரியவே இல்ல. எபிகிட்டக் கேட்டா உங்ககிட்ட அவளே சொல்லுவா மாமாங்கறான். என்ன சாமி சொல்ற?"

அது ஒரு பயணி பாடுகிற பாட்டு. பஸ் நிற்கவில்லை. கண்டக்டர் காதில் வாங்கவில்லை. என் நிறுத்தம் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது, நான் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்துகிறேன். முதல் தடவை நீட்டில் தோற்று வந்த வாரம், அந்தத் தகரக் கூண்டுக்குள் நின்று எழுதினேன். இதையெல்லாம் அவரிடம் விளக்கவில்லை. அந்த ஒரு வரியை மட்டும், உறுமாமல், சாதாரணக் குரலில் சொன்னேன்.

"எறக்கி விடுங்கப்பா."

பாட்டில் 'எறக்கி விடு' மட்டும்தான் உண்டு. 'அப்பா' எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் தலையை ஆட்டவில்லை, திட்டவில்லை. கேரியரை மடியிலிருந்து எடுத்துப் பெஞ்சில் வைத்தார். துண்டால் முகத்தை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு அடித்தது. ஒலிபெருக்கி கரகரத்தது. கொட்டகையில் எல்லோரும் எழுந்தார்கள். பாத்திரம் மூடுகிற சத்தம், முத்தம், அழுகை, "நல்லாப் படி கண்ணு". ஒரு நிமிடத்தில் கொட்டகை காலி. அப்பா மட்டும் எழவில்லை. தூரத்தில் படிக்கட்டில் சுபாஷிணி நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோமதி மேடம் வந்தார். "சார், டைம் ஆயிருச்சு. பாட்டு போட்டாச்சு பாருங்க. கெளம்புங்க."

அப்பா ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார், கொஞ்சம் பொறுங்கள் என்று. கம்ப்ரசர் ஓடுகிற இடம் அப்போதுதான் வந்தது.

"கெளம்பலாமுங்க" என்றார். "எம் புள்ள பாடறா. முடியட்டும்."